உடன்பிறப்பும் தெரிவும்: பொஸ்டன் ஆபிரிக்கச் சபை எழுப்பும் ஓர் அறவியல் வினா

உடன்பிறந்தாரை எவரும் தெரிவு செய்து கொள்வதில்லை. ‘உடன்பிறப்பு’ என்னும் தமிழ்ச் சொல்லும், ஒரே வயிற்றில் உதித்தவர் எனப் பொருள்படும் ‘சகோதரர்’ என்னும் வடசொல்லும் இவ்வுண்மையையே சுட்டுகின்றன. நண்பரைத் தேடிக் கொள்ளலாம். தொழிற் கூட்டாளியை ஆராய்ந்து சேர்த்துக் கொள்ளலாம். உடன்பிறந்தானோ, விரும்பினும் வெறுப்பினும், உடன்பிறந்தானே. அவன்பால் உள்ள கடமை நமது விருப்பத்திலிருந்து தோன்றியதன்று என்பதே அவ்வுறவின் தனிச்சிறப்பு. எனவே, வாக்கெடுப்பின் மூலம் ஆட்களைத் தெரிந்து சேர்த்துக் கொண்டு, அவ்வாறு சேர்ந்தோரைச் ‘சகோதரர்’ என அழைக்கும் ஓர் அமைப்பு அச்சொல்லை எந்த உரிமையுடன் கையாள்கின்றது என்னும் வினா எழுதல் இயல்பு. மாந்தர் யாவரும் ஒரு குலத்தவர் என்பதையே தன் கோட்பாடாகவும் அவ்வமைப்பு பறைசாற்றுமாயின் அவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. பிறீமேசன் இயக்கம் அத்தகையதோர் அமைப்பாகும். அதன் வரலாற்றில் இவ்வினாவை மிகக் கடுமையாக எதிர்நோக்கியது, பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பொஸ்டன் நகரிற் கறுப்பின மக்கள் நிறுவிய ஒரு சிறு சபை.

மேசன் என்றதும் வீடு கட்டும் தொழிலாளியே இலங்கைத் தமிழரின் நினைவுக்கு வருவான். இவ்வியக்கத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததே. ஆயினும் அதன் உறுப்பினருட் கல் அடுக்கியவர் அரியர். ஐரோப்பாவின் இடைக்காலக் கற்றச்சர் கழகங்களின் மரபைத் தனதாக்கிக் கொண்டு, வணிகரும் பிரபுக்களும் அறிஞரும் கூடும் சங்கமாக அது இங்கிலாந்தில் உருப்பெற்றது. இலண்டனிலிருந்த நான்கு சபைகள் 1717ஆம் ஆண்டு ஒன்றிணைந்து பெருஞ்சபையை அமைத்தன என்பது அவர்தம் மரபு. ஜேம்ஸ் அன்டர்சன் தொகுத்த யாப்பு நூல் 1723ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘லொட்ஜ்’ எனப்படும் ஒவ்வொரு கிளைச் சபையும் தனக்கெனத் தலைவரைத் தெரிந்து கொள்ளும். இறந்த உறுப்பினரை மரியாதையோடு அடக்கஞ் செய்யும். நலிவுற்ற உறுப்பினருக்கும் கைம்பெண்டிருக்கும் உதவும். மூலைமட்டம் நேர்மையையும், கவராயம் தன்னடக்கத்தையும், நீர்மட்டம் சமத்துவத்தையும் குறிப்பனவாக அங்கே போதிக்கப்பட்டன. மதச் சண்டைகளாற் களைத்துப் போயிருந்த ஐரோப்பாவில், எல்லா மாந்தரும் உடன்படத்தக்க சமயம் ஒன்றே உறுப்பினருக்குப் போதும் என்று கூறியமை சிறிய காரியமன்று. பிரபுவும் கடைக்காரரும் ஒரே மட்டத்தில் அமர்வதற்கு அக்காலத்தில் வேறு இடங்கள் மிகக் குறைவு.

ஆயின் அம்மட்டத்துக்கு வருவதற்குக் கதவொன்றைக் கடக்க வேண்டியிருந்தது. புதியவரைச் சேர்ப்பதற்கு உறுப்பினர் அனைவரதும் ஒப்புதல் தேவை என்பது யாப்பு நூலின் விதி. வெண்பந்தும் கரும்பந்தும் பெட்டியில் இடப்படும். கரும்பந்து ஒன்று விழுந்தாற் போதும், விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். யார் இட்டார், ஏன் இட்டார் எனக் கேட்டல் ஆகாது. இவ்விதிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. நெருங்கிப் பழக வேண்டிய சிறு குழுவில், ஒருவர் மனமார ஏற்காத மற்றொருவரைத் திணித்தால் இசைவு குலையும். எனினும் இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஒருவரது காரணமற்ற வெறுப்பு இங்கே சபை முழுவதன் தீர்ப்பாகிவிடுகின்றது. அத்தீர்ப்புக்கு எவரும் பொறுப்பாளியல்லர். அமெரிக்க வெள்ளையர் சபைகள் கறுப்பினத்தவரை விலக்குவதற்கு நிறத்தடை எதனையும் எழுதி வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பெட்டியும் பந்தும் இருந்தன. நற்குணம் மிக்க பத்தொன்பது பேரும் தீய எண்ணமுள்ள ஒருவரும் இருக்கும் சபையில் அவ்வொருவரே ஆள்பவர் என்பதை இவ்விதியை இயற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிரின்ஸ் ஹோல் என்பவரின் பிறப்பும் இளமையும் தெளிவாக அறியப்பட்டில. பொஸ்டனில் வில்லியம் ஹோல் என்னும் தோல் பதனிடுபவரின் அடிமையாக இருந்து 1770ஆம் ஆண்டு விடுவிக்கப்பட்டவர். பின்னர் தாமும் அத்தொழிலையே மேற்கொண்டார். மேசன்கள் இடையில் அணியும் முன்றானை ஆட்டுக்குட்டித் தோலாலானது, குற்றமின்மையின் சின்னம் என்பர். அத்தோலைப் பதனிடும் கை அச்சின்னத்தை அணிய வேண்டுமாயின் என்ன பாடுபட வேண்டியிருந்தது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. பொஸ்டனின் வெள்ளையர் சபைகள் அவரை ஏற்கவில்லை. அயர்லாந்துப் பெருஞ்சபையின் கீழ், நகரிலே நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படைப்பிரிவு ஒன்றைச் சார்ந்து இயங்கிய 441ஆம் இலக்கச் சபையே அவரையும் வேறு பதினான்கு சுதந்திரக் கறுப்பினத்தவரையும் சேர்த்துக் கொண்டது. அது நிகழ்ந்த நாள் 1775 மார்ச் 6 என்பது மரபு. ஆய்வாளர் சிலர் அதனைச் சில ஆண்டுகள் பிற்பட்டதாகக் கொள்வர். விடுதலை வேண்டிப் போர் தொடுக்கவிருந்த குடியேற்றவாசிகள் மறுத்ததை, அவர்களை அடக்க வந்த படையினர் வழங்கினர் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

வழங்கப்பட்டதும் அரைகுறையே. கூடலாம், புனித யோவான் திருநாளில் ஊர்வலம் செல்லலாம், இறந்தோரை அடக்கஞ் செய்யலாம். புதியவரைச் சேர்க்கவோ படிநிலைகளை வழங்கவோ கூடாது என்ற அளவிலேயே அவர்களது அனுமதி நின்றது. தாமே முடிந்து போகும்வரை வாழலாம் என்பதே இதன் பொருள். இதனை ஏற்காத ஹோல் 1784ஆம் ஆண்டு இலண்டனுக்கு விண்ணப்பித்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆந் திகதியிட்ட சாசனம் 459ஆம் இலக்க ஆபிரிக்கச் சபைக்கு வழங்கப்பட்டது. அது கடல் கடந்து பொஸ்டனை அடைந்தது 1787 ஏப்பிரலில். அமெரிக்கக் குடியரசு பிரித்தானியாவிடமிருந்து பிரிந்து தன் யாப்பை வரையப் புறப்பட்ட அதே ஆண்டில், அக்குடியரசின் கறுப்பினக் குடிமக்கள் சிலர் தம் சமத்துவத்துக்கான ஆவணத்தைப் பிரித்தானியாவிடமிருந்து பெற்றுக் கொண்டனர்.

இச்சபையின் வாழ்வு சடங்குகளோடு நின்றுவிடவில்லை. சபை தோன்றிய தொடக்க காலத்திலேயே, 1777 சனவரியில், அடிமைகளை விடுவிக்குமாறு மசாச்சுசெற்ஸ் சட்டமன்றத்துக்கு அனுப்பப்பட்ட விண்ணப்பத்தில் ஹோல் கையொப்பமிட்டிருந்தார். 1787 ஒக்டோபரில் மற்றொரு விண்ணப்பம்: வரி செலுத்துவதில் வேறுபாடின்றி நடத்தப்படும் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இடமில்லாமை ஏன் என அது வினவியது. பயன் கிட்டவில்லை. 1798ஆம் ஆண்டு பிரைமஸ் ஹோல் என்பவரின் இல்லத்திற் கறுப்பினச் சிறுவர்க்கான பாடசாலை தொடங்கப்பட்டது. சபையின் குருவாக விளங்கிய ஜோன் மரன்ற் 1789ஆம் ஆண்டுத் திருநாளில் நிகழ்த்திய பிரசங்கமும், ஹோல் 1792, 1797ஆம் ஆண்டுகளில் ஆற்றிய உரைகளும் அச்சேறின. பொஸ்டன் தெருக்களிற் கறுப்பின ஆடவரும் பெண்டிரும் நாள்தோறும் படும் அவமானங்களைப் பிந்திய உரை எடுத்துரைக்கின்றது. பொறுமையைப் போதிக்கும் அதே உரை, பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளில் ஆறாண்டுகளுக்கு முன்னர்வரை அடிமைகளாயிருந்தோர் நிலை எவ்வாறு மாறியது என்பதையும் நினைவூட்டுகின்றது. எயிற்றியின் எழுச்சியே அது. நீர்மட்டம், கவராயம் பற்றிய பேச்சுக்கிடையே இதனைக் கேட்டவர்கள் பொருளை விளங்கிக் கொள்ளத் தவறியிரார்.

இவர்களை மாசற்ற வீரர்களாக வரைதல் ஆகாது. 1786ஆம் ஆண்டு கடனில் மூழ்கிய மேற்கு மசாச்சுசெற்ஸ் உழவர் டானியல் ஷேய்ஸ் என்பாரின் தலைமையிற் கிளர்ந்தபோது, அக்கிளர்ச்சியை அடக்கத் தம்மவரின் சேவையைத் தர ஹோல் ஆளுநருக்கு எழுதினார். வறியோரை ஒடுக்க வறியோர் முன்வந்த செயல் இது. அரசுக்கு அடங்கிய நல்ல குடிமக்கள் எனக் காட்டிக்கொள்ளும் வேட்கை இதிற் புலனாகின்றது. அமைதியான குடிகளாய் இருத்தல் மேசன்களின் விதிகளுள் ஒன்றுமாகும். ஆளுநர் அவ்வுதவியை ஏற்கவில்லை. ஆறு வாரம் கழியுமுன், 1787 சனவரியில், ஆபிரிக்காவுக்குத் திரும்பிச் செல்ல உதவி கோரி எழுபத்துமூவர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை ஹோல் முன்வைத்தார். விசுவாசத்தைக் காட்டியும் நம்பப்படாதவர் வெளியேறும் வழியை நாடுவதில் வியப்பில்லை.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவமே இச்சபை பற்றிய அறவியல் வினாவின் உட்கிடையைத் திறந்து காட்டுகின்றது. 1788 பெப்ரவரியிற் சுதந்திரக் கறுப்பினத்தவர் மூவர் வேலை எனச் சொல்லிக் கப்பலொன்றுக்கு அழைக்கப்பட்டு, அப்படியே மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கடத்திச் செல்லப்பட்டனர். ஹோலும் சபையினரும் உடனே சட்டமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். குவேக்கர்களும் பொஸ்டன் மதகுருமாரும் துணை நின்றனர். ஒரு மாதத்துக்குள், மார்ச் 26இல், அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் ஹன்கொக் தீவுகளின் அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பினார். இதற்கிடையில் அத்தீவில் நடந்ததை அக்காலத்துப் பொஸ்டன் மதகுருவும் வரலாற்றாசிரியருமான ஜெரமி பெல்நாப் எழுதி வைத்துள்ளார். கடத்தப்பட்டவருள் ஒருவர் மேசன். அவர்களை விலைக்கு வாங்குமாறு கேட்கப்பட்ட வணிகரும் மேசனே. இருவரும் ஒருவரையொருவர் இன்னார் என அறிந்து கொண்டனர்; கடத்தப்பட்டவர் தம் கதையைக் கூறினார்; விடயம் தீவின் ஆளுநரிடம் சென்றது. விற்பனை நடைபெறவில்லை. மூவரும் அவ்வாண்டு யூலையிற் பொஸ்டனுக்கு மீண்டனர்.

மேசன் சகோதரத்துவத்தின் பெருமையைப் பேசுவோர் இக்கதையை விரும்பிக் கூறுவர். பெருமை இருக்கவே செய்கின்றது. கடலுக்கு அப்பால், மொழியாலும் நிறத்தாலும் அந்நியராகிய இருவரை ஒரு சில நிமிடங்களில் உறவினராக்கிய பிணைப்பு எளிதிற் கிடைப்பதன்று. ஆயினும் அந்த வணிகரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மனிதர் மூவர் விலைப்பொருளாக முன்னே நிறுத்தப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் மனிதர் என்பது அவருக்கு முதலிலேயே தெரியும். கண்ணுக்குத் தெரிந்த உண்மை அது. அவ்வளவு போதவில்லை. மேசன் என அறிந்த பின்னரே அறம் விழித்துக் கொண்டது. அம்மூவருள் மேசன் எவரும் இல்லாதிருப்பின்? இவ்வினாவுக்கு இனிய விடை கிடையாது. அத்தீவுகளின் சந்தைகளில் விற்கப்பட்ட எண்ணற்றோர் அதற்குரிய விடையைத் தம் வாழ்க்கையாற் கூறிச் சென்றனர்.

இங்கிருந்து இரு வேறு முடிவுகளுக்குச் செல்லலாம். சகோதரத்துவத்தை ஒரு வட்டத்துக்குள் அடைப்பது வெளியே உள்ளோரைச் சகோதரர் அல்லாதோர் ஆக்குகின்றது. ஆதலின் அது தீது என்பது ஒன்று. மனிதன் எல்லோரையும் ஒரே தருணத்தில் நேசிக்க வல்லவனல்லன்; சிறு வட்டத்திற் பயின்ற அன்பே பின்னர் விரியும் என்பது மற்றையது. கடத்தப்பட்ட மேசனின் கதையில் இரண்டாவது முடிவுக்கும் ஆதாரம் உண்டு. அடையாளம் காணப்பட்டவர் ஒருவர், மீண்டவர் மூவர். ஒருவரின் பொருட்டு இயங்கிய பிணைப்பு மற்றிருவரையும் தன்னுள் அணைத்துக் கொண்டது. பொஸ்டனில் எழுதப்பட்ட விண்ணப்பமும் சபையின் உறுப்பினர் ஒருவருக்காக மட்டும் மன்றாடவில்லை. கடத்தல் தொழிலையும் அடிமை வியாபாரத்தையுமே தடை செய்யக் கோரியது. வட்டம் விரிய வல்லது என்பதற்கு இது சான்று. தானாக விரியாது, எவரேனும் அதனை விரிக்க வேண்டும் என்பதையும் இதே சம்பவம் காட்டுகின்றது.

இச்சிக்கலை அக்காலத்திலேயே கண்டவர் யேர்மானிய எழுத்தாளர் லெசிங். 1771ஆம் ஆண்டு ஹம்பர்க் நகரில் மேசன் சபையொன்றிற் சேர்ந்த அவர், சில ஆண்டுகளின் பின் ‘ஏர்ண்ஸ்ற், பால்க்’ என்னும் இருவர் உரையாடும் நூலை எழுதினார். அரசுகள் மனிதரை ஒன்றுசேர்ப்பதே அவர்களைப் பிரிப்பதன் மூலந்தான். நாட்டால், சமயத்தால், தரத்தாற் பிரிந்துள்ளோரை மீண்டும் மனிதராகவே சந்திக்கச் செய்வதே உண்மை மேசனின் பணி என்பது அந்நூலின் சாரம். நூலில் வரும் இளைஞர் சபையிற் சேர்ந்து பார்த்தபின் மனம் நொந்து திரும்புகிறார். யூதர் வந்தாற் கிறித்தவராயிருத்தல் வேண்டும் என்கின்றனர்; நேர்மையான செருப்புத் தைப்பவர் வந்தால் முகஞ் சுளிக்கின்றனர் என்பது அவர் குறை. கோட்பாடு ஒன்று, அதனைத் தாங்கும் சபை மற்றொன்று என லெசிங் பிரித்துக் காட்டியமை நுட்பமானது. ஆனால் அவர் நூலில் வெளியே நிற்பவரின் குரல் கேட்பதில்லை. அவருக்காகப் பரிந்து பேசுபவரும் உள்ளே இருப்பவரே. பொஸ்டனில் அச்செருப்புத் தைப்பவரை ஒத்த தோற்றொழிலாளி தாமே எழுந்து, கோட்பாடு எமக்கும் உரியது என உரைத்தார். அதனாலேயே மெய்யியல் நோக்கிலும் ஆபிரிக்கச் சபை லெசிங்கைக் கடந்து ஓர் அடி முன்னே செல்கின்றது எனலாம்.

கதவு அடைத்திருத்தலே குற்றமா என்பதும் ஆராயத்தக்கது. பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் அடிப்படைக் கொள்கை வெளிப்படையாக அறிவிக்கப்பட முடியாததாயின் அச்செயல் அநீதியானது என 1795ஆம் ஆண்டில் கான்ற் எழுதினார். இவ்வளவுகோலைக் கொண்டு பார்ப்பின், சபையின் கைகுலுக்கும் முறையும் சடங்குச் சொற்களும் இரகசியமாயிருப்பதில் பெருந் தீங்கில்லை. அவை எவர் உரிமையையும் பறிப்பனவல்ல. அடிமை வணிகம் சட்டபூர்வமாயிருந்த உலகிற் கறுப்பினத்தவர் கூடிப்பேச அடைத்த கதவொன்று தேவைப்பட்டது என்பதும் மறுக்கற்பாலதன்று. அறிவிக்க முடியாதிருந்தது வேறொன்று: கரும்பந்தை இட்ட கையின் காரணம்.

அக்காரணத்தை மறைக்கச் சட்ட நுணுக்கங்கள் உதவின. மேசனாவோர் கட்டற்றவராய்ப் பிறந்திருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. அடிமையாயிருந்து விடுவிக்கப்பட்டவர் எவ்வாறு தகுதி பெறுவர் எனக் கேட்டனர். பிறருக்கு இழைக்கப்பட்ட அநீதியையே அவரது குறையாகக் காட்டும் வாதம் இது. இங்கிலாந்துப் பெருஞ்சபை 1847ஆம் ஆண்டு ‘பிறப்பாற் கட்டற்றவர்’ என்பதைக் ‘கட்டற்றவர்’ என மாற்றியது. ஒரு மாநிலத்தில் ஒரு பெருஞ்சபையே இருக்கலாம் என்பது மற்றொரு வாதம். தம்மிடம் சேர்த்துக் கொள்ளாதவர்களே தனியே சேர்வதும் தவறென்றனர். 1813ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இரு பெருஞ்சபைகள் ஒன்றிணைந்தபோது ஆபிரிக்கச் சபையின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கியது. 1827ஆம் ஆண்டு அது தன்னை எவர்க்கும் கீழ்ப்படாத சபையென அறிவித்தது.

விலக்குவது நிறமா, தாழ்நிலையா என்னும் ஐயத்துக்கு இந்தியாவிலிருந்து ஓர் ஒப்புமை உதவும். 1770களின் நடுப்பகுதியில், ஹோலின் காலத்திலேயே, ஆற்காட்டு நவாப்பின் மகன் உம்தத்துல் உம்ரா திருச்சிராப்பள்ளியில் மேசனாகச் சேர்த்துக் கொள்ளப்பட்டார். இலண்டன் பெருஞ்சபை அவருக்கு அன்பளிப்பும் அனுப்பியது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் என்னும் இந்து வணிகர் சேர்க்கப்பட்டதோ 1872ஆம் ஆண்டிலே, நீண்ட வழக்காடலின் பின். இளவரசருக்குத் திறந்த கதவு வணிகருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே திறந்தது. பதவி வந்தபோது நிறம் மறைந்தது. பதவியற்றபோது நிறமும் சமயமும் பெருந்தடைகளாயின.

வெளியே நிறுத்தப்பட்டோர் கட்டிய வீட்டுக்கும் கதவு உண்டு. ஆபிரிக்கச் சபையிலும் பெண்களுக்கு இடமில்லை. கட்டணம் செலுத்த வல்லோரும் ஒழுக்கத்திற் பெயர் பெற்றோருமே சேரலாயினர். கறுப்பின மக்களுள் ஒரு நடுத்தர வகுப்பு உருவாக இதுவும் காரணமாயிற்று என ஆய்வாளர் பலர் கருதுவர். இக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கதவினுள் இருந்தோர் என்ன செய்தனர் என்பதே தராசின் மறுதட்டு. பிலடெல்பியாவில் 1797ஆம் ஆண்டு தோன்றிய கிளையில் அப்சலம் ஜோன்சும் றிச்சட் அலனும் இருந்தனர். கறுப்பினத் திருச்சபைகளை நிறுவியவரும் அவர்களே. அடிமைகளை எழுச்சி கொள்ளுமாறு அறைகூவி 1829ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட டேவிட் வோக்கர் பொஸ்டன் சபையின் உறுப்பினர். 1963ஆம் ஆண்டு கொலையுண்ட மெட்கர் எவர்சின் அலுவலகம் மிசிசிப்பி மாநிலத்து ஜக்சன் நகரில், பிரின்ஸ் ஹோல் மேசன்களின் மண்டபத்திலேயே இயங்கியது. அவரது இறுதிச் சடங்கும் அங்கேயே நடைபெற்றது. வேறு எவரும் இடந்தர அஞ்சிய ஊரில் அச்சகோதரத்துவம் தன் கூரையை உறுப்பினரல்லாதோர்க்கும் திறந்து வைத்தது.

வெள்ளையர் சபைகளின் மனமாற்றம் மெல்லவே வந்தது; வந்ததும் சிலகால் பின்வாங்கியது. வாஷிங்டன் மாநிலப் பெருஞ்சபை 1898ஆம் ஆண்டு கறுப்பின மேசன்களை முறையானவர் என ஏற்றது. தென்மாநிலங்கள் உறவை முறிக்கத் தொடங்கவே, அடுத்த ஆண்டே அத்தீர்மானத்தைக் கைவிட்டது. அதற்கு முன்னின்ற வில்லியம் அப்ரன் என்னும் நீதிபதி, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒருவரையொருவர் சகோதரராக ஏற்கும்வரை தம் கல்லறையிற் கல் நாட்டலாகாது என எழுதி வைத்து 1906இல் மறைந்தார். மசாச்சுசெற்ஸ் பெருஞ்சபை 1947இல் ஏற்று, 1949இல் அதனை மீளப் பெற்றது. கனெற்றிகட் மாநிலம் 1989ஆம் ஆண்டு நிலையான அங்கீகாரத்தை வழங்கியது. வாஷிங்டன் மறு ஆண்டு அவ்வழியே சென்றது. அதன் பின்னரே அப்ரனின் கல்லறைக்குக் கல் கிடைத்தது. 1784ஆம் ஆண்டுச் சாசனத்தை வழங்கிய இங்கிலாந்துப் பெருஞ்சபை 1994ஆம் ஆண்டு மசாச்சுசெற்ஸ் பிரின்ஸ் ஹோல் பெருஞ்சபையை அங்கீகரித்தது. அங்கீகாரம் கிடைத்த பின்னரும் அவர்கள் தனிச்சபையைக் கலைத்து மற்றையோருடன் இணைந்துவிடவில்லை. ஒருவர் சபைக்கு மற்றவர் விருந்தினராகச் செல்கின்றனர். பதிவேடுகள் இரண்டாகவே உள்ளன. பழைய சாசனம் பொஸ்டனில் அவர்கள் பொறுப்பிலேயே இருக்கின்றது.